கேபிளிலிருந்து ஃபைபருக்கு மாறுகிறீர்களா? முதலில் டிவியைப் பற்றிப் பேசுவோம்

தமிழ்நாட்டில் கேபிள்காரரின் கறுப்புக் கம்பியில் டிவியும், அவரிடமே அல்லது செல்போன் டேட்டாவில் இன்டர்நெட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகளுக்காக இந்தக் கேள்வி பதில். ஃபைபர் போடுவதில் இன்டர்நெட் பாதி ஒரே நாளில் முடிந்துவிடும். டிவி பாதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் டிவிக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

கேபிளுக்கும் ஃபைபருக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

கேபிள் கம்பியில் ஓடுவது மின் சிக்னல். போகப் போகத் தேயும். அதனால் தெருவுக்குத் தெரு ஆம்ப்ளிஃபயர் வைத்து ஏற்றிவிட வேண்டும், அந்த ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே டிவியில் புள்ளி புள்ளியாக வந்து நிற்கிறதே, பல நேரம் அடுத்த தெருவில் கரண்ட் போனதுதான் காரணம். மழைநீர் கனெக்டருக்குள் இறங்கினாலும் இதே கதைதான்.

ஃபைபரில் ஓடுவது ஒளி. ஒரு கிலோமீட்டருக்கு அது இழப்பது அரை டெசிபலுக்கும் (சிக்னல் தேய்வதை அளக்கும் அலகு) குறைவு. கம்பெனியின் பெட்டியிலிருந்து உங்கள் வீடு வரை, 20 கிலோமீட்டர் ஆனாலும், நடுவில் கரண்ட் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது. ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னக் கண்ணாடித் துண்டு மட்டும் இருக்கும். 1966-இல் சார்ல்ஸ் காவ் என்ற விஞ்ஞானி, கண்ணாடி இழையில் ஒளியாகச் செய்தி அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னபோது கண்ணாடியில் கிலோமீட்டருக்கு 20 டெசிபல் இழப்பு என்பதே எட்டவேண்டிய இலக்காக இருந்தது. 1970-இல் கார்னிங் என்ற கண்ணாடி நிறுவனம் இழப்பை அதற்கும் கீழே கொண்டுவந்தது. காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2009-இல்தான்.

வீடுகளுக்குப் பெரும்பாலும் வருவது ஜிபான் என்ற முறை. ஒரு இழையில் இறங்கும் (டவுன்லோட்) சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸை, அதாவது 2,500 எம்பிபிஎஸ்ஸை, 32 அல்லது 64 வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். ஏறும் (அப்லோட்) பக்கம் சுமார் 1.25 ஜிபிபிஎஸ். எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகம் இழுப்பதில்லை என்பதால் இது போதுமானது.

எங்கள் கேபிள்காரரே 'ஃபைபர் நெட்' தருகிறேன் என்கிறார். அது ஃபைபர்தானா?

வீட்டுக்குள் நுழையும் கம்பியைப் பாருங்கள். மெல்லிய கறுப்புக் கம்பி வந்து, முனையில் பச்சை அல்லது நீல நிறச் சதுரக் கனெக்டருடன் ஓஎன்டி என்ற, ஒளியை இன்டர்நெட்டாக மாற்றும் பெட்டியில் செருகப்பட்டிருந்தால் அது ஃபைபர். கம்ப்யூட்டர் லேன் கேபிள் மாதிரி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முனையோடு வந்தால், ஃபைபர் மொட்டை மாடி வரைக்கும்தான் வந்திருக்கிறது. அங்கே ஒரு ஸ்விட்ச் பெட்டி, அதிலிருந்து வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி.

அது மோசம் என்று சொல்ல மாட்டேன். 100 எம்பிபிஎஸ் தாராளமாக வரும். ஆனால் அந்த ஸ்விட்ச் யாரோ ஒருவர் வீட்டுக் கரண்டில் ஓடுகிறது. ஒரு இடி விழுந்தால் போர்ட் போய்விடும். ஃபைபருக்கான காசு கொடுக்கிறீர்கள் என்றால், "வீட்டுக்குள்ளேயே ஓஎன்டி வைப்பீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

ஏர்ஃபைபர்?

பெயரில் மட்டும்தான் ஃபைபர். மாடியில் ஒரு ஆன்டெனா வைத்து 5ஜி டவரிலிருந்து வாங்குகிறார்கள். கம்பி இழுக்க வழியில்லாத இடத்துக்கு நல்லது. கம்பி வரும் தெருவில் இருந்துகொண்டு அதை வாங்க வேண்டியதில்லை.

எந்தக் கம்பெனி நல்லது?

கம்பெனி பெயரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே கம்பெனி ஒரு தெருவில் பிரமாதமாக ஓடும், இரண்டு தெரு தள்ளித் தினமும் தகராறு செய்யும். உங்கள் வீட்டுக்கு எந்தக் கம்பத்திலிருந்து கம்பி வருமோ, அதே கம்பத்திலிருந்து ஏற்கெனவே இணைப்பு வாங்கியவரைக் கேளுங்கள். கேட்க வேண்டியது வேகத்தை அல்ல. "கடைசியா எப்ப அறுந்துச்சு, எத்தனை நாள்ல வந்து சரி பண்ணாங்க?" இது போதும்.

பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல ஊர்களில் உள்ளூர்க் கூட்டாளிகள்தான் வருவாயைப் பங்கிட்டுக்கொண்டு கொடுக்கிறார்கள், அவர்களில் பலர் பழைய கேபிள்காரர்களே. ஆகவே 'மாறுவது' என்றால் எப்போதும் ஆளை மாற்றுவது என்று அர்த்தமில்லை. உங்கள் கேபிள் அண்ணனே புதுக் கம்பியோடு வந்து நிற்கலாம்.

எத்தனை எம்பிபிஎஸ் பிளான் போட வேண்டும்?

நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ். சாதாரண எச்டி படம் 5-இல் ஓடும். ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார், ஒரு டிவி, மூன்று நான்கு போன்கள் என்ற வீட்டுக்கு 40 அல்லது 50 போதும். 100 வாங்கினால் சௌகரியம். 300 எதற்கென்று வாங்கியவர்களுக்கே தெரியாது. பெரிய ஃபைல்களை இறக்கி ஏற்றுபவர்களை இதில் சேர்க்கவில்லை.

இன்னொன்று. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். பிட்டுக்கும் பைட்டுக்கும் எட்டு மடங்கு வித்தியாசம். 'நூறு போட்டேன், பன்னிரண்டுதான் காட்டுகிறது' என்று சண்டைக்குப் போகுமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் 499, பில்லில் வேறு தொகை. ஏன்?

18 சதவீத ஜிஎஸ்டி. 499 என்பது 588.82 ஆகிறது, 399 என்பது 470.82. அப்புறம் 'அன்லிமிடெட்' என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. பல பிளான்களில் மாதத்துக்கு 3,300 ஜிபியை ஒட்டி இருக்கும். சாதாரணக் குடும்பம் அதைத் தொடாது. 'இன்ஸ்டலேஷன் இலவசம்' என்பது ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாகக் கட்டினால்தான் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். முதல்முறை வாங்கும்போது மாதாமாதம் கட்டும் பிளானைப் போட்டு, இன்ஸ்டலேஷன் காசைக் கொடுத்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. சர்வீஸ் சரியில்லை என்றால் கழற்றிவிடும் சுதந்திரத்துக்கு அந்தக் காசு தகும்.

சரி, டிவி என்ன ஆகும்?

உங்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கேபிளை டிவிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இன்டர்நெட்டை மட்டும் மாற்றுவது. சோம்பேறித்தனமாகத் தெரியும், ஆனால் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதுதான் முதல் ஆறு மாதத்துக்குச் சரி.

இரண்டாவது, ஐபிடிவி. ஃபைபர் கம்பெனியே ஒரு செட்டாப் பாக்ஸ் கொடுத்து, சேனல்களை அதே இழையில் அனுப்புவது. பிஎஸ்என்எல் 2024-இல் இந்தச் சேவையை முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஏர்டெல் 2025-இல் கொண்டுவந்தது. ரிமோட்டில் சேனல் மாற்றிப் பார்க்கும் பழக்கத்துக்கு இது கேபிளுக்கு நெருக்கமானது.

மூன்றாவது, ஆப் வழி. ஸ்மார்ட் டிவியில் சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார், ஜீ5 என்று தனித்தனியாக. இளையவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இதற்கு மேல் தேவையில்லை. பிரசார் பாரதியின் வேவ்ஸ் ஆப்பில் டிடி தமிழ் போன்ற தூர்தர்ஷன் சேனல்கள் இலவசமாகவே கிடைக்கும்.

நான்காவது, டிஷ். மாடியில் ஏற்கெனவே குடை இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும். நெட் அறுந்த நாளில் டிவியாவது ஓடும்.

விற்க வருபவர் '350 சேனல், 500 சேனல்' என்று எண்ணிக்கை சொல்லுவார். அதைக் காதில் வாங்காதீர்கள். ஒரு வாரம் ரிமோட் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வையுங்கள், வீட்டில் யார் எந்தச் சேனல் பார்த்தாலும் எழுதச் சொல்லுங்கள். சன், விஜய், ஜீ தமிழ், கே டிவி, ஆதித்யா, ஒரு செய்திச் சேனல், காலையில் ஒரு பக்திச் சேனல் என்று பத்து பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும். அந்தத் தாளைக் காட்டி, 'இந்தப் பன்னிரண்டும் இந்த பிளானிலேயே வருமா, தனியாகக் காசா?' என்று கேளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்து 2019-இல் நடைமுறைக்கு வந்த கட்டண முறையில் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் விலை வெளிப்படையாக இருக்க வேண்டும். கேபிள், டிஷ், ஐபிடிவி எல்லாவற்றுக்கும் அதே விதிதான். 'இலவச டிவி' என்று சொல்லும் பிளானில் சன் குழுமச் சேனல்கள் மட்டும் விடுபட்டிருந்தால், சீரியல் பார்க்கும் வீட்டில் அந்த இலவசத்தால் ஒரு பயனும் இல்லை.

விலையைவிட முக்கியமான ஒன்று பாக்ஸின் குணம். சில பாக்ஸ்களை ஆன் செய்ததும் நேரே கடைசியாகப் பார்த்த சேனல் வரும். சிலவற்றில் முதலில் ஒரு முகப்புப் பக்கம், அதில் பத்து சினிமாப் படங்கள், அதற்குள் எங்கோ 'லைவ் டிவி' என்ற கட்டம். எட்டு மணி சீரியலுக்கு ஏழு ஐம்பத்தொன்பதுக்கு உட்காரும் அம்மாவுக்கு இது பெரிய தொல்லை. இதைவிட மோசம், பாக்ஸ் தானாக லாக்அவுட் ஆவது. மறுபடி உள்ளே போக ஓடிபி கேட்கும், அந்த ஓடிபி பெங்களூரில் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் மகனின் போனுக்குப் போகும். யார் வீட்டில் இருப்பாரோ அவர் நம்பரிலேயே இணைப்பை வாங்குங்கள்.

சேனல் நம்பரும் மாறும். பத்து வருடமாக விரல் பழகிய நம்பர்கள் அவை. புது நம்பர்களைப் பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

பழைய டியூப் டிவி இருக்கிறது. ஓடுமா?

மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முள் செருகும் துவாரம் பாக்ஸிலும் இருந்தால் ஓடும். புதுப் பாக்ஸ்கள் பலவற்றில் எச்டிஎம்ஐ மட்டும்தான். பாக்ஸைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

வீட்டில் இரண்டு டிவி?

ஒவ்வொன்றுக்கும் தனிப் பாக்ஸ், பெரும்பாலும் தனி வாடகை. கேபிளிலும் அப்படித்தானே.

சில ஊர்களில் மட்டும் ஒரு சலுகை உண்டு. அங்கே கேபிள் டிவி சிக்னலையே ஒளியாக மாற்றி, இன்டர்நெட் வரும் அதே இழையில் வேறு அலைநீளத்தில் அனுப்புகிறார்கள். இன்டர்நெட் இறங்குவது 1490 நானோமீட்டரில், ஏறுவது 1310-இல், டிவி 1550-இல். ஓஎன்டியின் பின்பக்கத்தில் பழைய கேபிள் கம்பியைத் திருகும் முனை ஒன்று இருந்தால் உங்களுடையது இந்த வகை. பழைய செட்டாப் பாக்ஸ், பழைய ரிமோட், பழைய நம்பர் எல்லாம் அப்படியே இருக்கும். கிடைத்தால் இதைவிட நிம்மதி வேறில்லை.

எங்கள் ஊர் லோக்கல் சேனல் வருமா?

ஐபிடிவியில் வராது. கோயில் கொடை நேரலை, ஊர்வலம், நகைக்கடை விளம்பரம், மதியம் ஒரு பழைய படம் என்று ஓடும் அந்தச் சேனல் உங்கள் கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூமிலிருந்து வருவது. பெரிய கம்பெனி ஐபிடிவியில் அதைத் தேடிப் பயனில்லை. சில உள்ளூர்ச் சேனல்கள் யூடியூபில் நேரலை போடுகின்றன. உங்களுடையது போடுகிறதா என்று அவரையே கேளுங்கள்.

கிரிக்கெட் லேட்டாக வருகிறது என்கிறார்களே?

ஆப்பில் பார்த்தால் உண்மை. சில பத்து விநாடிகள் பின்தங்கும். பக்கத்து வீட்டில் கேபிளில் பார்ப்பவர் 'ஓ' என்று கத்திய பிறகுதான் உங்கள் திரையில் பவுலர் ஓடியே வருவார். ஐபிடிவியில் தாமதம் குறைவு.

கம்பி போட வரும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

ஓஎன்டி எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர்கள் வருமுன் நீங்கள் முடிவு செய்யுங்கள். விட்டுவிட்டால் வாசல் பக்கம், கம்பி நுழையும் இடத்திலேயே மாட்டிவிட்டுப் போவார்கள், வைஃபை பாதி தெருவுக்குப் போகும். வீட்டின் நடுவில், உயரத்தில், பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்தில், முடிந்தால் டிவிக்கு அருகில் இருக்கட்டும்.

கம்பியை ஜன்னல் இடுக்கில் நசுக்கி உள்ளே விட அனுமதிக்காதீர்கள். தனி ஓட்டை போடச் சொல்லுங்கள், வெளியிலிருந்து உள்நோக்கி மேலே ஏறும் சாய்வில். அப்போதுதான் மழைநீர் கம்பியோடு உள்ளே வராது. மூலையில் கம்பியை எல் வடிவத்தில் மடக்கி ஆணி அடிக்கக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி, வளைவு அகலமாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மீட்டர் கம்பியைச் சுருட்டி உபரியாக விடச் சொல்லுங்கள். நாளை முனை உடைந்தால் வெட்டிப் புதிதாகப் போட அது வேண்டும்.

கிளம்புமுன், வந்து சேரும் ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15-லிருந்து மைனஸ் 24 டிபிஎம் வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ ஒட்டி இருந்தால் இன்று ஓடும், அடுத்த மழையில் நிற்கும். இந்த எண்ணைக் கேட்கும் வாடிக்கையாளர் என்றாலே வேலை கொஞ்சம் சுத்தமாக நடக்கும், அது தனி.

கழற்றிய ஃபைபர் முனையைக் குழந்தைகள் கண்ணருகே வைத்துப் பார்க்க விடாதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் இந்த எச்சரிக்கை.

கரண்ட் போனால் நெட் போய்விடுமா?

உங்கள் வீட்டு ஓஎன்டிக்குக் கரண்ட் இருந்தால் நெட் இருக்கும். அது இழுப்பது பத்து வாட்டை ஒட்டித்தான். இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்கில் மாட்டுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரௌட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போதும். ஓஎன்டி அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குப் பொருத்தமானதை வாங்குங்கள்.

ஓஎன்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது.

லாஸ் என்று எழுதியிருக்கும் விளக்கு என்றால் ஒளி வரவில்லை. கம்பி எங்கோ அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் தளர்ந்திருக்கிறது. கனெக்டரை ஒருமுறை அழுத்திவிட்டு, போனை எடுத்துப் புகார் கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்து பயனில்லை.

இங்கே கேபிளுக்கு ஒரு சாதகம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். கேபிள் கம்பி அறுந்தால் நாமே முறுக்கி டேப் சுற்றி அன்றைய சீரியலைப் பார்த்துவிடலாம். ஃபைபரை முறுக்க முடியாது. முடி அளவு கண்ணாடி இழைகளை நேருக்கு நேர் வைத்து மின்பொறியில் உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும். ஏரியாவில் அந்த மெஷின் வைத்திருப்பவர் ஒருவர்தான் என்றால், புயலுக்கு மறுநாள் உங்கள் முறை வரக் காத்திருக்க வேண்டும். அணிலும் எலியும் கடிக்கும், உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரி இழுத்துவிட்டுப் போகும், மின்வாரியம் மரக்கிளை வெட்டும்போது சேர்ந்து வெட்டுப்படும்.

ஃபைபர் போட்டும் பெட்ரூமில் நெட் மெதுவாக இருக்கிறதே?

ஃபைபர் ஓஎன்டி வரைதான். அதற்கப்புறம் வைஃபைதான் சுவரோடு மல்லுக்கட்டுகிறது. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் ஒரு கான்கிரீட் சுவருக்கே திணறும். 2.4 மெதுவானது, தூரம் போகும். டிவி, டெஸ்க்டாப் போன்ற நகராத பொருட்களுக்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். தூரத்து அறைக்கு லேன் கேபிளில் இன்னொரு ரௌட்டர் வைப்பது, மலிவாக விற்கும் ரிப்பீட்டரைவிடப் பல மடங்கு மேல்.

சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை.

பல கம்பெனிகள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி முகவரி கொடுக்கின்றன. அதனால் வெளியிலிருந்து நேரே கேமராவுக்கு வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் பாருங்கள், இல்லையென்றால் காசு கட்டி, உங்களுக்கென்றே மாறாமல் இருக்கும் ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்கள்.

பழைய லேண்ட்லைன் நம்பர்?

பிஎஸ்என்எல் செம்புக் கம்பியிலிருந்து பிஎஸ்என்எல் ஃபைபருக்கே மாறினால் அதே நம்பரைக் கேட்டுப் பெறலாம். வேறு கம்பெனிக்கு அந்த நம்பரைக் கொண்டுபோக முடியாது. செல்போன் நம்பருக்கு உள்ள வசதி லேண்ட்லைனுக்கு இல்லை.

வாடகை வீடு. போடலாமா?

வீட்டுக்காரரிடம் ஓட்டைக்கு மட்டும் அனுமதி வாங்கிவிடுங்கள். நீண்ட நாள் பிளான் வேண்டாம்.

கேபிளை எப்போது நிறுத்துவது?

ஃபைபர் போட்ட அன்றே நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். இடையில் ஒரு மழை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கிரிக்கெட் மேட்ச் வந்துபோகட்டும். அதற்குப் பிறகும் வீட்டில் யாரும் பழைய ரிமோட்டைத் தேடவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

நிறுத்தும்போது காசு கட்டாமல் அப்படியே விட்டுவிடுவது பலரின் பழக்கம். செட்டாப் பாக்ஸ் உங்கள் பெயரில் நிற்கும். அரசு கேபிளின் பாக்ஸ் அரசுக்குச் சொந்தமானது, திருப்பிக் கொடுக்க வேண்டும். தனியாரிடம் டெபாசிட் கட்டியிருந்தால் ரசீதைத் தேடி எடுங்கள். பாக்ஸ், அடாப்டர், ரிமோட் மூன்றையும் கொடுத்து, வாங்கிக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள் அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஃபைபரைக் கழற்றினாலும் ஓஎன்டிக்கு இதே முறைதான்.

அப்புறம், கேபிள்காரரிடம் முகம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்குத் தீபாவளி வீட்டுக்கு வந்தவர். நாளை உங்கள் ஃபைபர் கம்பி அவருடைய கம்பத்தின் வழியாகவே போகலாம்.

புகார் கொடுத்தும் யாரும் வரவில்லை என்றால்?

லைன்மேனின் சொந்த நம்பருக்குப் போன் செய்வது வேகமான வழி, ஆனால் அதற்குப் பதிவு கிடையாது. கூடவே கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணிலும் சொல்லி, டாக்கெட் நம்பர் என்ற புகார் எண்ணை வாங்குங்கள். அது தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த நம்பரைக் குறிப்பிட்டு எழுதலாம். இந்த இரண்டு படி அமைப்பை டிராய் விதி கட்டாயமாக்கியிருக்கிறது. பணம் திரும்பி வராத விவகாரம் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

சுவருக்குள் இருக்கும் பழைய கேபிள் கம்பியை என்ன செய்வது?

பிடுங்கி எறியாதீர்கள். சுவருக்குள் பைப் வழியாகப் போகும் கம்பி என்றால், அதன் ஒரு முனையில் புது லேன் கேபிளைக் கட்டி, மறுமுனையிலிருந்து மெதுவாக இழுத்தால் பெட்ரூமுக்கு லேன் போய்ச் சேர்ந்துவிடும். முடிச்சின் மேல் டேப்பை இறுக்கமாகச் சுற்றுங்கள், வளைவில் மாட்டினால் பாதியில் கழன்றுகொள்ளும். ஒருவர் இழுக்க, ஒருவர் இந்தப் பக்கம் தள்ளிக் கொடுக்க வேண்டும்.